பின் இருக்கையில் நான் நித்திரை

போன கிழமை வீடு மாறுவதற்காக அலுமாரிகளை வெறுமையாக்கிக்கொண்டிருந்தபோது, என் மகள் அடித்தட்டிலிருந்து ஒரு வீடியோக் கசற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. கசற் என்ற பொருளைக் கையால் தொட்டதே அன்றுதான். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். முதுகில் ஒட்டியிருந்த வெள்ளைத்தாள் மஞ்சளாகிப்போயிருந்தது. நீல மையில், வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்த எழுத்தில், 'வழியில் ஏறினவன்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சின்னதாக, 'அடுத்த திங்களுக்குள் தரவும்.' அந்தத் திங்கள் போய்ப் பதினேழு வருடமாகிறது. "இது ஆரிட்டை எடுத்தது அம்மா?" என்று கேட்டாள். "வீடியோக்கடை அண்ணையிட்டை" என்றேன். அது யார் என்று கேட்டாள். "ஒரு கடைக்காரர்" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்கு ஒட்டுநாடா ஒட்டப் போனேன். அவரை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லி முடிக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

சூரிச்சில் லாங்ஸ்ட்ராஸவிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத்தெருவில் அவருடைய கடை இருந்தது. முன்பக்கத் தட்டுகளில் புதிய தமிழ்ப்படங்கள், கல்யாணப் பாட்டுக் கசற்றுகள், தொலைபேசி அட்டைகள். பின்பக்கம், குளிரூட்டிக்கும் சுவருக்கும் நடுவே, ஆள் ஒருக்களித்து நுழையவேண்டிய இடத்தில் ஒரு தட்டு. அதில் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் குற்றப்படங்கள். மூடிப்போன ஒரு சுவிஸ்காரரின் வீடியோக் கடையிலிருந்து பெட்டி பெட்டியாக வாங்கி வந்தவை. பழைய அமெரிக்கப் படங்கள், ஜெர்மன் குரல் கொடுத்தவை. எங்களுடைய ஆட்கள் யாரும் அவற்றைத் தொடுவதில்லை. அவர் ஒவ்வொன்றையும் தானே பார்த்து, உறையிலிருந்த பெயரை மறைத்து, தனக்குப் பிடித்த தமிழ்ப் பெயரை எழுதி ஒட்டியிருந்தார். 'தொப்பிக்காரனை நம்பாதே', 'மழைக்குள் ஒரு கை', 'பாதிவழிப் பெண்' என்றெல்லாம் பெயர்கள். நான் வந்த புதிதில் ஷ்லீரனில் ஒரு தொழிற்சாலையின் கழிவறைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஜெர்மன் வகுப்புக்குப் போக நேரமில்லை என்று அவரிடம் ஒருநாள் மூக்கால் அழுதபோது, அந்தத் தட்டைக் காட்டி, "வகுப்பிலை அப்பிள், மேசை எண்டு சொல்லித் தருவினம். இதிலை மனுசர் கதைக்கிறதைக் கேக்கலாம். கொண்டுபோம்" என்றார்.

அப்படித்தான் என் ஜெர்மன் தொடங்கியது. நான் முதன்முதல் பிழையில்லாமல் சொன்ன ஜெர்மன் வசனம் "ஃபாரன் ஸீ வைட்டர்." தொடர்ந்து ஓட்டுங்கள் என்று அர்த்தம். துப்பாக்கியை விலாவில் வைத்துக்கொண்டு சொல்வார்கள். அந்தத் தட்டில் பாதிக்குமேல் ஒரே கதைதான். ஆளரவமில்லாத தெரு. பெருவிரலை உயர்த்திக்கொண்டு ஒருவன் நிற்பான். நல்ல மனசுள்ள கார்க்காரன் ஒருவன் நிறுத்துவான். அவனுக்கு வீடு இருக்கும், காத்திருக்கும் மனைவி இருப்பாள், பின் இருக்கையில் மீன்பிடித் தடியோ மகளுக்கு வாங்கிய பொம்மையோ கிடக்கும். ஏறுகிறவனுக்கு ஒன்றுமே இருக்காது. கொஞ்ச நேரத்தில் வானொலியில் அறிவிப்பு வரும், சிறையிலிருந்து தப்பியவனின் உயரம், மீசை, சட்டை நிறம். கார்க்காரனின் கை மெல்ல வானொலியை நிறுத்தப் போகும்போது மற்றவனின் கை சட்டைப்பைக்குள் போகும். ஏறுவது பெண்ணாக இருந்தால் துப்பாக்கி வராது. அவள் குளிருது என்பாள், அவன் மேலங்கியைக் கொடுப்பான், மூன்றாம் நாள் அவனுடைய வேலை, வீடு, மானம் எல்லாம் போயிருக்கும். நான் போர்வைக்குள் காலை மடக்கிக்கொண்டு பார்ப்பேன். நிறுத்தாதே, நிறுத்தாதே என்று அந்தக் கார்க்காரனுக்குத் தமிழில் கத்துவேன். அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

அண்ணைக்கு அந்தப் படங்களில் பயமே வருவதில்லை, சிரிப்புத்தான் வரும். கசற்றை எடுத்துத் தரும்போது கதையைத் தொடங்குவார், நல்ல இடத்தில் நிறுத்திவிடுவார். முடிவைச் சொல்லவே மாட்டார். ஒருமுறை, "ஏன் அண்ணை எல்லாப் படத்திலும் ஏறுறவன்தான் கெட்டவன்?" என்று கேட்டேன். "கார் வைச்சிருந்தவைதானே பிள்ளை படம் எடுத்தவை" என்றார். அவர் இந்த நாட்டுக்குள் வந்ததே அப்படி நின்றுதான். காசு வாங்கிக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எல்லையோரக் காட்டில் இறக்கிவிட்டுப் போய்விட, விடிந்தபின் தெருவுக்கு நடந்து வந்து பெருவிரலைத் தூக்கினாராம். முப்பது கார் நிற்காமல் போனதாம். கடைசியில் முட்டைப் பெட்டி ஏற்றிய ஒரு வான் வண்டியை ஒரு கிழவர் நிறுத்தி, பெயரைக் கேட்கவில்லை, நாட்டைக் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்று மட்டும் கையால் காட்டிக் கேட்டாராம். இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் முட்டை வாசனையைக்கூடச் சொல்லுவார்.

அந்தக் காலத்தில் எங்களுக்குள்ளும் அந்த வழக்கம் இருந்தது. கறுத்த முகம் ஒன்று மழையில் பஸ் தரிப்பிடத்தில் நின்றால், கார் வைத்திருந்த தமிழர் நிறுத்துவார்கள். சாப்பிட்டீரோ, எங்கை இறங்கவேணும், இவ்வளவும்தான் கேள்வி. என்ன விசா என்று கேட்பதில்லை. எந்த வழியால் வந்தது, கேஸ் என்ன ஆனது என்று கேட்பது, ஒருவருடைய உள்ளாடையைப் பற்றி விசாரிக்கிற மாதிரி. தானாகச் சொன்னால் கேட்போம், சொல்லாவிட்டால் பாட்டைப் போட்டுவிடுவோம். இப்போது எங்கள் ஆட்கள் கைகுலுக்குவதற்கு முன்னமே பி விசாவா, சி விசாவா, பாஸ்போட்டா என்று கேட்டுவிட்டு அதற்கேற்றபடி சிரிக்கிறார்கள். அண்ணை கடைசிவரை கேட்காத ஆள். அதுதான் அவருக்கு வினையாக முடிந்தது.

கடையின் கல்லாவுக்கு மேலே, அலுமாரியின் தலையில், ஒரு பெரிய நீலநிறச் சூட்கேஸ் இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. பருத்தித்துறையில் அவருக்கு ஒரு அக்கா. தாய் இல்லாத வீட்டில் அவரைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அந்த அக்காதான். பார்த்து இருபத்திரண்டு வருடம். அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகத்தில், இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைத் தாண்டச் சிவப்புப் பாஸ்போட் வேண்டும். அவர் குடியுரிமைக்கு எழுதிப் போட்டு, எல்லாச் சோதனையும் முடிந்து, கடைசிக் கையெழுத்துக்குக் காத்திருந்தார். அக்காவுக்கு நீரிழிவில் ஒரு கால் எடுத்தாயிற்று, கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. "கண் தெரியேக்கையே போயிடவேணும் பிள்ளை. பிறகு போய் நிண்டு நான்தான் எண்டு சொல்லி என்ன பிரயோசனம்" என்று சொல்லிவிட்டுச் சூட்கேஸை அண்ணாந்து பார்ப்பார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. லுகானோவில் தெரிந்தவர் வீட்டில், வயதுக்கு வந்த மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. அண்ணை அங்கே வீடியோ எடுக்கப் போனார். மகளுக்குக் காய்ச்சல், என் கணவர் அவளோடு வீட்டில் நின்றுவிட்டார். நான் அண்ணையின் காரில் போனேன். காலையில் ஏறும்போதே இந்தக் கசற்றைத் தந்தார். "இது வித்தியாசமானது. கடைசியிலை ஆர் கெட்டவன் எண்டு பாரும்" என்றார். சடங்கு முடிந்து, மத்தியானச் சாப்பாட்டின் பிறகு திரும்பினோம். முன் இருக்கையில் கமராப் பை. பின்னால் நான், பட்டுச்சேலை, மடியில் ரோல்ஸும் பலகாரமும் கட்டிய பொதி. பெலின்சோனா தாண்டி ஒரு பெற்றோல் நிலையத்தின் வாசலில் ஒருவன் நின்றான். மெலிந்த ஆள், இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு மட்டைத்துண்டில் லூசேர்ன் என்று எழுதிப் பிடித்திருந்தான். "அண்ணை, வேண்டாம்" என்றேன். அவர் அதற்குள் சிக்னல் போட்டுவிட்டார். கமராப் பையைப் பின்னால் என்னிடம் தந்து, அவனை முன்னால் இருத்தினார்.

அவன் எந்த நாட்டவன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அண்ணை கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார். அவன் தலையை ஆட்டியது ஓமா இல்லையா என்று விளங்காமல், "பிள்ளை, அந்த ரோல்ஸிலை ரெண்டைக் குடும்" என்றார். கொடுத்தேன். அவன் ஒன்றை ஒரே வாயில் போட்டுவிட்டு, மற்றதை மெதுவாகத் தின்றான். பிறகு தானாகவே, உடைந்த ஜெர்மனில் சொன்னான். லூசேர்னில் ஒரு உணவகத்தில் சட்டி கழுவுகிறானாம். இரண்டு வருடமாக அங்கேதானாம். சிநேகிதனைப் பார்க்க வந்து ரயிலைத் தவறவிட்டானாம். "குசினி வேலை நல்ல வேலை, சாப்பாடு கிடைக்கும்" என்று அண்ணை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவன் மடியில் ஒரு பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். நான் பார்த்த அத்தனை படங்களும் அந்தக் காருக்குள் வந்துவிட்டன. கோதார்ட் சுரங்க வாசலில் வழக்கமான நெரிசல், ஒன்றேகால் மணித்தியாலம் ஊர்ந்தோம். அவ்வளவு நேரமும் நான் கண் சிமிட்டாமல் அவனுடைய வலதுகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது அது பைக்குள் போகும், எப்போது அந்த வசனத்தைச் சொல்லுவான் என்று காத்திருந்தேன். நித்திரை என்ற ஒன்றுக்கு அன்று என்னிடம் இடமே இருக்கவில்லை.

சுரங்கத்தைக் கடந்தபின் ஒரு தரிப்பிடத்தில் பொலிஸ் மறித்தது. மூன்று கறுத்த முகம் ஒரே காரில். பத்திரம் கேட்டபோது அவனிடம் ஒன்றும் இல்லை. குசினியும் இல்லை, இரண்டு வருடமும் இல்லை. முதல்நாள்தான் எல்லை தாண்டியிருக்கிறான். பையைக் கொட்டச் சொன்னார்கள். ஒரு சவர்க்காரம், ஒரு காற்சட்டை, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சோடி புதுச் சப்பாத்து. அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. பொலிஸ்காரர் அண்ணையைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். பத்தடி தள்ளி நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. பெயர் என்ன என்று கேட்டாயா? இல்லை. எந்த நாடு என்று கேட்டாயா? இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்குமேல் பக்கத்தில் இருத்தி வைத்துவிட்டு ஒன்றுமே கேட்கவில்லையா? "சாப்பிட்டாயா எண்டு கேட்டேன்" என்று அண்ணை ஜெர்மனில் சொன்னார். பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பத்திரமில்லை என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை, இதுதான் பொலிஸ்காரரின் முடிவு. பத்திரமில்லாதவனை அறிந்தே ஏற்றிச்சென்றது குற்றம். அண்ணை அவன் சொன்ன குசினிக் கதையைச் சொன்னார். அவன் பயத்தில், நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று மறுத்துவிட்டான். அப்போது அண்ணை என் பக்கம் கையைக் காட்டி, "அவவும் கேட்டவ. அவவைக் கேளுங்கோ" என்றார்.

இன்னும் மூன்று கிழமையில் எனக்குக் குடியுரிமை நேர்முகம். ஏரிகளின் பெயர், மாநிலங்களின் பெயர், ஏழு அமைச்சர்களின் பெயர் எல்லாம் மனப்பாடம். பொலிஸ் கடதாசியில் ஒருதரம் பெயர் விழுந்தால் எல்லாம் போச்சு என்று கோயிலில் பெண்கள் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். பொலிஸ்காரர் என்னிடம் வந்து, இவன் காரில் என்ன கதைத்தான் என்று மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு ஜெர்மன் அண்ணையின் தட்டிலிருந்து வந்தது. அந்த ஜெர்மனில், தெளிவாக, "நான் நித்திரை. ஒன்றும் கேட்கவில்லை" என்றேன். என் சேலை மடிப்பில் ரோல்ஸ் தூள் கிடந்தது. அண்ணை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் இன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டு தப்பியிருப்பேன். அவர் ஏதோ கணக்குப் பிழைத்த மாதிரிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார். என்னைப் போகலாம் என்றார்கள். பக்கத்திலிருந்த கேஷனன் நிலையத்திலிருந்து ரயில் எடுத்து வீடு வந்து சேர்ந்தேன்.

இரண்டு கிழமையில் அவருக்குத் தண்டனைக் கடிதம் வந்தது. பத்து நாளுக்குள் மறுத்து எழுதலாம். தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. "பிள்ளை, நீர் ஒரு வரி எழுதித் தந்தாக் காணும். அவன் குசினி எண்டு சொன்னதைக் கேட்டனீர்தானே. எனக்கு அக்காவின்ரை அலுவல்..." என்று நிறுத்தினார். கணவர் பக்கத்தில் நின்று கையை ஆட்டினார். "முதல் ஒண்டு சொல்லிப்போட்டு இப்ப மாத்திச் சொன்னா உம்மையும் சேத்து இழுப்பாங்கள். நித்திரை எண்டா நித்திரைதான்" என்று கிசுகிசுத்தார். பழியை அவர்மேல் போட எனக்கும் ஆசைதான். ஆனால் ரிசீவர் என் கையில் இருந்தது. "அண்ணை, நான் நித்திரையெல்லோ" என்றேன், என் கையால் அவனுக்கு ரோல்ஸ் கொடுப்பித்த அந்த மனுசனிடமே. அந்தப் பக்கம் கடையில் ஏதோ பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. "ஓம் பிள்ளை. நீர் நித்திரைதான்" என்றார். வைத்துவிட்டார்.

நேர்முகத்தில் நான் எல்லா ஏரிகளையும் சொன்னேன். பாஸ்போட் வந்தது. அவருடைய விண்ணப்பம் திரும்பிவிட்டது, குற்றப்பதிவு அழிந்தபின் மீண்டும் எழுதலாம் என்றார்கள். அக்கா அவ்வளவு காலம் பொறுக்கவில்லை. அடுத்த வருடமே போய்விட்டா. சவ அடக்கத்தை யாரோ வீடியோ எடுத்து அனுப்ப, அதைக் கடையில் வைத்துப் பார்த்தாராம். அங்கே நின்ற ஒருவர் எனக்குச் சொன்னார். அழவில்லையாம். "கமராக்காரன் சரியில்லை, முகத்திலை கொஞ்சநேரம் நிப்பாட்டியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாராம். எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? அவருக்கு வேண்டாத வேலை, ரோட்டிலை நிக்கிறவனையெல்லாம் ஏத்தலாமோ என்று கல்யாண வீடுகளில் பாயசத்தோடு சேர்த்துக் கதைத்தார்கள். நானும் அந்த மேசைகளில் இருந்தேன். பாயசமும் குடித்தேன்.

கடைக்கு நான் பிறகு போகவில்லை, கசற்றைப் போட்டுப் பார்க்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. எல்லாருடைய வீட்டிலும் இணையம் வந்து, கடை படுத்துவிட்டது. ஒருநாள் வேலைக்குப் போகும்போது டிராமின் ஜன்னலால் அவரைக் கண்டேன். அந்த நீலச் சூட்கேஸை இழுத்துக்கொண்டு போனார். உறை கழற்றியாயிற்று. மூடமுடியாமல் வாய் பிளந்த சூட்கேஸுக்குள் கறுப்புக் கறுப்பாய்க் கசற்றுகள். கழிவு சேகரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோகிறார் என்று விளங்கியது. அடுத்த தரிப்பிடம் நூறு மீற்றர்தான். இறங்கியிருக்கலாம். டிராம் அந்தத் தரிப்பில் கதவைத் திறந்தது, மூடியது, நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

அவரும் மனைவியும் மகனோடு பாசலுக்குப் போனார்கள். போன வருடம் அங்கே அவர் தவறிப்போனார். செத்த வீட்டுக்குப் போனேன், அதற்கும் துணிவு வந்துவிட்டது எனக்கு. அவருடைய மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உம்மைப் பற்றி ஆரும் ஒரு சொல் சொல்ல விடமாட்டார் அம்மா. 'அந்தப் பிள்ளை பாவம், அண்டைக்குப் பின்னாலை நல்ல நித்திரை, அதுக்கு ஒண்டும் தெரியாது' எண்டு கேக்கிற எல்லாருக்கும் சொல்லுவார்" என்றா. நான் அந்தக் கைகளை உதறிவிட்டு உண்மையைக் கத்தியிருக்கவேண்டும். அழுதேன். அழுகிற பெண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. பதினாறு வருடம் அவர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார், நான் சொன்ன அதே பொய்யை. அவருடைய காரில் இரண்டு பேர் ஏறினார்கள். பையைக் கட்டிப்பிடித்திருந்தவனையே பார்த்துக்கொண்டிருந்ததில் மற்ற ஆளை யாரும் கவனிக்கவில்லை.

மகள் கசற்றை விடவில்லை. பழைய கசற்றுகளைக் கணினிக்கு மாற்றித் தருகிற கடையொன்றைத் தேடிப் பிடித்துவிட்டாள். நேற்றுப் பின்னேரம் அவள் கார் ஓட்ட, நான் பக்கத்தில், மடியில் கசற்றோடு போனேன். எனக்கு முடிவு தெரியவேண்டாம் என்று சொன்னதை அவள் பகிடி என்று நினைத்தாள். ஷ்லீரனில் நெடுஞ்சாலைக்கு ஏறும் இடத்தில், தூறலில், ஒருவன் ஒரு கையில் மட்டையைப் பிடித்து, மறுகைப் பெருவிரலை உயர்த்திக்கொண்டு நின்றான். மகள் வேகத்தைக் குறைத்தாள்.

"அம்மா, பாவம் நனையிறான். நிப்பாட்டட்டோ?"

"வேண்டாம், போ" என்றேன்.

"ஏன் இப்பிடிப் பயப்பிடுறியள்? அவன் எங்களை என்ன செய்யப்போறான்?"

பெருவிரல் ஜன்னலைக் கடந்து பின்னால் போனது. அவள் ஒருமுறை கண்ணாடியில் அவனைப் பார்த்தாள், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கசற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன்.

"அம்மா, நித்திரையோ?"

"ஓம்" என்றேன்.